கம்பிக்கு அப்பால்

லண்டனின் விளிம்பில், மரங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது, உள்ளே போனவர்கள் வெளியே வராத அந்தக் கன்னியர் மடம். இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்து மழை தூறுகிறது. உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து எழுந்துவந்த சிஸ்டர் ஜெசிந்தா, கையில் ஈரமண்ணோடு சந்திப்பு அறையின் கம்பித்தடுப்புக்கு உள்ளே உட்காருகிறார். மறுபக்கம், நகருக்குள் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்திருக்கும் தம்பி அமலன் நனைந்த தொப்பியைப் பிசைந்துகொண்டிருக்கிறான். “அம்மா இல்லை அக்கா. வன்னியில செல் குண்டு விழுந்து போயிட்டா.” மங்கிய வெளிச்சத்தில் ஜெசிந்தாவின் முகம் தெரியவில்லை. கையிலிருந்த ஈரமண்ணை அங்கியில் துடைக்கிறார். “ஆர் அடக்கம் செய்தது?” என்கிறார். “ஒருத்தரும் இல்லை. கூட இருந்தவை பங்கர் குழிக்குள்ளேயே விட்டிட்டு ஓடினவையாம்.”

ஜெபத்துக்கு மணி அடிக்கிறது. தோட்டத்துச் சகோதரிகள் மண்வெட்டிகளைச் சாய்த்துவிட்டு, பேச்சில்லாமல் கோயிலுக்குள் போகிறார்கள். ஒருநாளும் மணிக்குப் பிந்தாத ஜெசிந்தா எழும்பவில்லை. கம்பிகளுக்கிடையே விரல்களை நீட்டித் தம்பியின் சட்டைக்கையைப் பிடிக்கிறார். “போகாதை. கொஞ்சம் இரடா.”