தலைவரம்மா பேனா

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. ஒழுகின பேனா ஒன்றின் கதை சொல்கிறேன். ஊர்ப் பேர் மட்டும் கேட்காதீங்க. ஒலக்கூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சவுரிராயன் எதிரில் அந்த ஜெர்மன் பேனா துண்டு துண்டாகக் கிடந்தது.

நாளைக்குப் பதவியேற்பு. ஊராட்சித் தலைவராக ஜெயித்தவள் அவர் பெண்சாதி லூர்துமேரி. இந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பேனாவோ ஒழுகியது.

"அஞ்சு ரூபா பேனா ஒண்ணு வாங்கியாறேன், தலைவரம்மா. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"அது என் கைக்கு நிக்காதுங்க. வழுக்கிக்கினு போவும்."

அதுவும் நிஜம்தான். களைக்கொத்து பிடித்துக் காய்ப்பேறின விரலுக்கு இந்தத் தடித்த பேனாதான் அடங்கி உட்காரும்.

முன்பு இரும்பை என்கிற ஊரில் ஒரு ஜெர்மன்காரம்மா வீட்டில் அவள் சமையல் பார்த்தாள். அந்தம்மாவுக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு டீச்சர் வருவார். கீரை ஆய்ந்தபடியே இவளும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அந்தம்மா 'ழ' வந்ததும் கும்பிடு போட்டுவிட்டார். இவள் விடவில்லை.

ஊர் திரும்பும்போது அந்தம்மா பேனாவை இவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் வாலைத் திருகினால் உள்ளே பிஸ்டன் ஏறும். பாட்டிலில் இருக்கிற மையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

சவுரிராயன் அடிபம்பு மெக்கானிக். பார்த்ததும் பிடிபட்டது. பிஸ்டனைச் சுற்றியிருந்த கார்க் காய்ந்து சுருங்கியிருந்தது. பின்னாலிருந்து காற்று புகுந்து, மை முன்னால் இறங்கி, பிடிக்கிற இடமெல்லாம் நனைந்தது.

முதலில் சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிப் போட்டார். பிஸ்டன் அசையமாட்டேன் என்றது.

"பம்புல இதான போடுறோம்."

"பம்புன்னா ரெண்டு பேரு தொங்குவாங்க. இத நான் ரெண்டு விரல்ல திருகணும்."

அப்புறம் நாட்டு மருந்துக் கடைத் தைலப் பாட்டிலின் கார்க்கை எடுத்தார். பிளேடால் வட்டமாக நறுக்கினார். ஊசியைச் சுட்டு நடுவில் துளை போட்டார். உப்புத்தாளில் மெல்லத் தேய்த்தார். மாதா கோயில் மெழுகுவர்த்தியை உருக்கி அதில் ஊறவிட்டார்.

ஒன்று பிளந்தது. அடுத்தது, பால்குடித்த பிள்ளை மாதிரி, அடங்கி உட்கார்ந்தது.

மை ஏற்றிக் கொடுத்தார். அவள் ஒரு தாள் நிறையத் தன் பேரையே எழுதினாள். எழுதி முடித்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாளப் பாரு மேரி. கைல இன்னா எழுதியிருக்குது?"

"ஒரு சொட்டு ஒட்டல."

"புதுப் பொடவைல கறை படும்னு பயம், அதான?"

அவள் வெறுமனே சிரித்தாள்.

மறுநாள் ஊராட்சி ஆபீசு வாசலில் பந்தலும் வேட்டும் அமர்க்களப்பட்டன. வேட்புமனு வாங்கின அதே அதிகாரிதான் வந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல லூர்துமேரி உறுதிமொழி எடுத்தாள்.

பிறகு அவர் தாளை நகர்த்தினார். கூடவே ஸ்டாம்ப் பேடைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

"அன்னிக்கு மாதிரியே வெச்சிடுங்கம்மா, ஜல்தி."

லூர்துமேரி வலது கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அன்னிக்குப் பேனா ஒழுகிச்சி, சார். இன்னிக்கு ஒழுகல."

சவுரிராயனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

மனு கொடுத்த அன்று அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே, இவள் பேனாவைத் திறந்திருக்கிறாள். விரலெல்லாம் நீலம். ரேகை வைக்க மை தடவி வந்த கை என்று நினைத்து, அந்த மனுஷர் தானே பிடித்துத் தாளில் அழுத்தியிருக்கிறார்.

இத்தனை நாள் இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதிகாரி பேடை மூடினார்.

அத்தனை கூட்டமும் காத்திருக்க, லூர்துமேரி அவசரமே படாமல், ஒரு எழுத்தைக்கூடச் சுருக்காமல், முழுப் பேரையும் எழுதினாள். அடியில் நீளமாக ஒரு கோடும் இழுத்தாள்.

முதலில் கை தட்டியது சவுரிராயன்தான். அப்புறம் பந்தலே அதிர்ந்தது.

உங்க வீட்டுப் பெண்பிள்ளைங்க எந்தத் தாளுக்கு முன்னால் நின்றாலும், அவங்க கையை இன்னொருத்தர் பிடித்து அழுத்தாமல் இருக்கட்டும், கண்ணுங்களா. குடும்பத்தோடு நல்லா இருங்க.