பாதி மொட்டை

சர்ச்சைக்குப் பெயர்போன அரசியல்வாதி மா தோங்சிக், தென் கொரிய அதிபர் தேர்தலில் நிற்கக் கூடாது, சட்டப்படி வேண்டிய ஐந்து வருடம் அவர் நாட்டில் வசிக்கவில்லை என்று யாரோ வழக்குப் போட்டிருந்தார்கள். தகுதி பறிபோனால் சியோல் சதுக்கத்தில் மொட்டையடித்து எதிர்ப்புக் காட்டப்போவதாக அவர் அறிவித்திருந்தார்.

கட்சியின் பெரிய வக்கீல்களை விட்டுவிட்டு, இளம் வக்கீல் யேரிமைத்தான் அவர் அமர்த்தியிருந்தார். இதிலும் தோற்றால் தொழிலையே விட்டுவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

நீதிபதி தீர்ப்பை வாசிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முழுக்க எதிராகவே இருந்தது.

"அவ்வளவுதான், ஆள் அவுட்டு!" என்று ஒரு நிருபர் போனோடு வெளியே ஓடினார்.

கடைசிப் பக்கத்தில்தான் தீர்ப்பு திரும்பியது. அவர் நிற்கலாம்!

யேரிம் சதுக்கத்துக்கு ஓடினாள். மேடையில் கேமராக்கள் சூழ, கழுத்தில் வெள்ளைத் துணியோடு தோங்சிக் உட்கார்ந்திருந்தார். பாதித் தலை மழித்தாகிவிட்டது. தொண்டர்கள் விம்மிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க! ஐயா, ஜெயிச்சிட்டோம்! நீங்க நிக்கலாம்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் காதோரம் குனிந்தார்.

"கெடுத்துட்டீங்களே வக்கீலம்மா! நின்னா டெபாசிட்கூடத் தேறாது. தடுத்துட்டாங்கன்னு ஊர் ஊராப் போய் அழுதே அடுத்த தேர்தல்ல ஜெயிச்சிருப்பேன். வழக்குப் போட ஆளை அனுப்பினதே நான்தான்."

"அப்புறம் என்னை எதுக்கு வச்சீங்க?"

"நீங்க இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட ஜெயிச்சதில்லைன்னு சொன்னாங்களேம்மா!"