எதிர்ச்சொல்

லண்டனில் வேலை பார்க்கும் கணவனிடம் போய்ச் சேர்வதற்காக ஜெசிந்தா ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடினமான சொற்களை எதிர்ச்சொற்களோடு சேர்த்தே சத்தமாகச் சொல்லி மனப்பாடம் செய்வாள்.

நெஞ்சுவலியில் விழுந்த அவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் டாக்டர் போனில் பேசினார். 'டிடீரியோரேட்டிங்' என்றார். மோசமாகிக்கொண்டே போகிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று தவித்தாள்.

மாமியார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“என்னம்மா சொல்றாங்க? எம்புள்ள எப்படி இருக்கானாம்?”

ஜெசிந்தாவுக்கு அந்தச் சொல்லின் எதிர்ச்சொல்தான் வாயில் வந்தது.

“தேறிட்டு வர்றாராம் அத்தை.”

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கை நீட்டினாள்.

“அப்ப அவங்கிட்ட குடுக்கச் சொல்லு. ஒரு வார்த்தை பேசிக்கிறேன்.”