முன்னால் போன செம்மூக்கி

வாத்துக் கூட்டத்தை எப்போதும் முன்னால் நின்று கூட்டிப்போகும் பெரிய வாத்துக்கு அன்று காலில் முள் குத்திவிட்டது. "செம்மூக்கி, இன்னைக்கு நீ முன்னால போ" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டது.

கூட்டத்தின் கடைசியில் ஆடி அசைந்து வந்தே பழகிய வாத்து செம்மூக்கி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் நெல்லும் நத்தையும் சிதறிக் கிடந்தன. கொக்குகள் வேறு இறங்க ஆரம்பித்துவிட்டன.

செம்மூக்கி நாலடி வைத்தது. 'என்னை நம்பி யார் வரப்போகிறார்கள்?' என்று திரும்பிப் பார்த்தது. உடனே பின்னால் வந்த வாத்துகளும் திரும்பிப் பார்த்தன. முன்னால் போகும் வாத்து எதைச் செய்தாலும் அதையே செய்வதுதான் அவற்றின் வழக்கம். மறுபடி நடந்தது, மறுபடி திரும்பியது. கூட்டமும் திரும்பியது. வரப்பில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரே கூச்சல்.

கருவால் என்ற வாத்துக்குப் பொறுமை போய்விட்டது. "ஏய், பின்னால அப்படி என்னதான் இருக்கு? நாயா, நரியா?"

"ஒண்ணுமில்லை. நீங்கல்லாம் வர்றீங்களான்னு பார்த்தேன்."

"வந்துக்கிட்டுதானே இருந்தோம்! பசி உயிர் போகுது, நட."

செம்மூக்கி தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு வாய்க்காலில் குதித்தது. பின்னால் தொபுக், தொபுக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

அக்கரை ஏறியதும், கடைசியாக ஒரே ஒருமுறை திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியது. அதற்குள் எதிரே கொழுத்த நத்தை ஒன்று ஊர்ந்து போனது.

செம்மூக்கி நத்தையைத்தான் பார்த்தது.