ப்ரீதிக்கு ரெண்டு மூக்கு

“நாளைக்குக் காலம்பற பத்து மணிக்குள்ள ப்ரீதிக்கு ஒரே மூக்குதான் இருக்கணும். சொல்லிட்டேன்!” என்றாள் விசாலம்.

கம்ப்யூட்டர் மேசைக்கடியில் குனிந்திருந்த மகன் தேஜஸ் தலையை வெளியே நீட்டினான்.

“அம்மா, நான் என்ன பிளாஸ்டிக் சர்ஜனா?”

போன மாதம் வீட்டுப் பழைய டிவி ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. இன்னொரு பெட்டி எதற்கு என்று தேஜஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு டிவி ட்யூனர் கார்டைச் சொருகினான். படம் வந்தது. ஆனால் எல்லாமே இரண்டு இரண்டாக வந்தது. விடிகாலை பக்தி நிகழ்ச்சியில் ஆறுமுகனுக்குப் பன்னிரண்டு முகம். விசாலம் அதற்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முருகன் விஷயத்தில் விட்டுக்கொடுத்தவள், மகள் விஷயத்தில் விடுவதாக இல்லை. சென்னையில் ப்ரீதி பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டாள். நாளை தமிழ் சேனலில் நேரடி ஒளிபரப்பு. முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் கணவரை விட்டுவிட்டு விசாலத்தால் போக முடியவில்லை. பெண் பாடுவதைப் பார்க்க இந்தக் கம்ப்யூட்டர்தான் கதி.

தேஜஸ் கார்டைக் கழற்றி வேறு இடத்தில் சொருகினான். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினான். ஆபீஸ் நண்பனிடம் வேறு கார்டே வாங்கி வந்து மாட்டினான். அப்போதும் செய்தி வாசிக்கிறவருக்கு நாலு கண்.

“கார்டு மேல தப்பில்லம்மா. வர்ற வயர்லதான் என்னவோ இருக்கு.”

“அப்போ வயரைப் பிடிச்சிண்டே போ.”

“எங்க?”

“அது எங்க போறதோ அங்க. நட, நானும் வரேன்.” புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கறுப்பு வயர் ஜன்னல் வழியே வெளியேறி, மாடிப்படிச் சுவரோடு இறங்கியது. சுவரில் இருந்த கறுப்பு வயர் அது ஒன்றுதான். போன மாதம் பில்டிங் முழுக்கப் புதுக் கேபிள்காரனுக்கு மாறிவிட்டது. அவனிடம் படம் கண்ணாடி மாதிரி; தமிழ் சேனல் மட்டும் கிடையாது. பழைய கேபிள்காரன் மற்ற வீட்டு வயர்களையெல்லாம் சுருட்டிக்கொண்டு போனான். விசாலம் வீட்டுக்கு மட்டும் விட்டுவைத்தான். தினமும் விளக்கேற்றும்போது அந்தப் புண்ணியவானுக்கும் சேர்த்துத்தான் அவள் வேண்டிக்கொள்வாள்.

கீழ்த்தளத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தேஜஸ் நின்றான்.

“அம்மா, இதோ பாரு. ஸ்ப்ளிட்டர்.”

தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. ஒரு வயர் அதற்குள் போய் இரண்டாக வெளியே வந்தது. ஒன்று மேலே அவர்கள் வீட்டுக்கு. இன்னொன்று, கீழ்வீட்டு மராத்தி மாமி ஜோஷி காகூ வீட்டு வாசல் நிலைக்கு மேலிருந்த துளை வழியாக உள்ளே.

விசாலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பில்டிங்கிலேயே முதலில் புதுக் கேபிளுக்கு மாறியவள் இந்த ஜோஷி காகூதான். படம் எப்படிப் பளபளக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தவள்.

“புதுசும் வேணும், நம்ம லைன்லேர்ந்து ஓசியும் வேணுமாமா? தினம் படியில பார்த்தா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறாளே!”

“அம்மா, மெதுவா. கேட்கப் போறது.”

“கேட்கட்டும்.”

‘முருகா, கோபத்துல வாய்தவறி எதுவும் வந்துடாம பார்த்துக்கோ’ என்று வேண்டிக்கொண்டே பெல்லை அழுத்தினாள்.

கதவைத் திறந்த காகூ, வழக்கம்போல் முகமெல்லாம் சிரித்தாள். அவளுக்கு விசாலம் எப்போதும் ‘தாயி’தான், அதாவது அக்கா. “வாங்க, வாங்க, விசாலம் தாயி! உட்காருங்க, சஹா போடறேன்.”

“டீயெல்லாம் இருக்கட்டும். எங்க வீட்டு வயர் உங்க வீட்டுக்குள்ள என்ன பண்றது?” விசாலத்துக்குக் கோபம் வந்தால் மட்டும் ஹிந்தி தடங்கலில்லாமல் வரும்.

காகூவின் சிரிப்பு நின்றது. சட்டென்று நகர்ந்து கதவின் பின்பக்கத்தை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள். திருட்டுமுழி என்றால் இதுதான் என்று விசாலம் நினைத்துக்கொண்டாள்.

தேஜஸ் எட்டிப் பார்த்தான். புது வெள்ளை வயரில் மராத்தி சீரியல் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வயர் டிவி பக்கமே போகவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது. அதன்மேல் ஒரு காய்கறிப் பை.

“அம்மா, இதை அவங்க எதுலயும் மாட்டவே இல்லை! நுனி சும்மா தொங்கறது. இந்தப் பக்கம் வர்ற சிக்னல் முட்டிண்டு திரும்பி வரும். அதான் நமக்கு எல்லாம் ரெட்டையா தெரியறது.” பிறகு காகூவிடம் மராத்தியில் சொன்னான். “காகூ, இதைக் கழட்டிடறேன். உங்களுக்கும் இது வேண்டாம், எங்களுக்கும் படம் சரியாயிடும்.”

“கழட்டாதே!”

காகூ பாய்ந்து வயரைப் பிடித்துக்கொண்டாள். பை விழுந்து, தக்காளி அறை முழுக்க உருண்டது.

“சரி, சரி, கழட்டலை. நுனியில ஒரு மூடி போட்டாலே போதும். ஆனா, பார்க்காத வயரை எதுக்கு காகூ வச்சிண்டிருக்கீங்க?”

காகூ விசாலத்தின் முகத்தைப் பார்க்காமல் தக்காளி பொறுக்கக் குனிந்தாள்.

“ஒரே ஒரு வீட்டுக்காக இந்த பில்டிங்ல லைன் வைக்க மாட்டேன், ரெண்டு வீடாவது வேணும்னான் அந்தப் பழைய கேபிள்வாலா. தாயிக்கு அவங்க பாஷைப் பாட்டு நின்னு போயிடுமே... ரெண்டாவது வீடு நான்தான்னு சொல்லிட்டேன்.”