பாசிக்குடாவுக்கு ஒரு வேன்

வாவிக்கரை வெயிலில், கழுவி நிறுத்திய வேனின் கூரையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. சாரதி கொன்ராட் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கிறார். மெல்பேர்னிலிருந்து தம்பி டெக்ஸ்டர் பேசுகிறான். "கட்டுநாயக்கா ஏர்போட்டில இருந்து நேரே பாசிக்குடா ஹோட்டலுக்கு, அவங்கட வேனையே புக் பண்ணுங்க அண்ணன். உங்கட வேன் புள்ளைகளுக்குச் சரிவராது." வீட்டுக்குள், தம்பி குடும்பத்துக்கென்று முந்தாநாள் மாட்டிய திரைச்சீலை காற்றில் உப்பி அடங்குகிறது. "ஓம்" என்றுவிட்டு ஹோட்டலுக்குப் போன் எடுக்கிறார். விமான நிலையத்தில் பிடிக்கும் அட்டையில் என்ன பெயர் எழுதுவது என்று அங்கிருக்கும் பெண் கேட்கிறாள். தன் குடும்பப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார். "நீங்க அவங்கட சொந்தக்காரரோ?" கொன்ராட் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார். "இல்ல புள்ள. நான் சும்மா ஒரு வேன்காரன்."