குவைத்துக்குப் போகிற நெஞ்சு

“கருவாட்டை எடுத்து வெளிய போடும்மா. குவைத்து ஏர்ப்போர்ட்டுல பொட்டியைத் தொறந்தான்னா ஊரே நாறும்” என்றான் துளசிராமன்.

எல்லம்மா எடுக்கவில்லை. பொட்டலத்தை லுங்கிக்கு அடியில் இன்னும் ஆழமாகத் தள்ளினாள். “இந்தாளுக்கு இது இல்லாம சோறு எறங்காது. அங்க யாரு செஞ்சி போடுவா?”

அவள் புருஷன் தணிகாசலம் புது பூட்ஸை மாட்டிக்கொண்டு அந்த ஒற்றை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். பூட்ஸ் காலைக் கடித்தது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரெண்டு நடைக்கு ஒருதரம் இருமினான்.

கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன். முதலாளி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனதிலிருந்து கைக்கு வேலை இல்லை. குவைத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மீஞ்சூரில் பேச்சு அடிபட்டதும் மெட்ராஸ் ஏஜெண்டிடம் பேர் கொடுத்தான். துளசிராமன் அந்த ஏஜெண்டின் ஆள்.

“பாஸ்போர்ட்டைப் பொட்டில வைக்காதே, இடுப்புல கட்டிக்கோ. பொட்டி மேல பேரைப் பெயிண்ட்டுல எழுது. அங்க எறங்குற பொட்டியெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். புரியாத காயிதத்துல கையெழுத்துப் போடாதே. தண்ணியை வீணாக்காதே. கடல் தண்ணியைக் காய்ச்சித்தான் அவன் குடிக்கவே குடுக்கறான்.”

“கடல் தண்ணியையா? எங்க பழவேற்காட்டுல வந்து அள்ளிக்கினு போகச் சொல்லு, சும்மாதான் கெடக்குது” என்றாள் எல்லம்மா. “ஏண்ணே, நீ குவைத்துக்குப் போய்க்கினு வந்தியா?”

“நான் எங்க போறது? போறவங்களை அனுப்புறதுதான் என் வேலை.”

“நல்லா கீது போ. தண்ணில கால் வைக்காதவன்கிட்ட நாங்க நீச்சல் கத்துக்கறோம்.”

ஏஜெண்டின் ஆள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் கிளம்பும்போது அவன் சொன்னதைத் தள்ள முடியவில்லை.

“நாளைக்கு மெட்ராஸ்ல டாக்டருகிட்டப் போய் நெஞ்சைப் படம் புடிச்சிக்கோ. இருமறவனைக் குவைத்துக்காரன் சேக்க மாட்டான். அதுல பாஸானாத்தான் ப்ளேன். இல்லேன்னா பொட்டியைப் பிரிச்சிட வேண்டியதுதான்.”

தணிகாசலத்துக்கு அதைக் கேட்டதுமே இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான்.

சாயங்காலம் எல்லம்மாவின் தம்பி சின்னதுரை பழவேற்காட்டிலிருந்து வந்தான். மாமாவுக்குத் துணையாக மெட்ராஸ் போகிறானாம். படகைத் தனி ஆளாகக் கரையேற்றுகிறவன். நெஞ்சு கதவுப் பலகை மாதிரி இருக்கும். அவனைப் பார்த்ததும் எல்லம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னாடா, மீசையைக் காணோம்?”

“வேண்டுதல்க்கா.”

“வேண்டுதல்னா மொட்டை அடிப்பாங்க. மீசையை எந்த அம்மன்டா கேட்டா?”

“மாமா நல்லபடியா ப்ளேன் ஏறணும்னு வேண்டிக்கினேன். உனக்கு இன்னா கஷ்டம்?”

தணிகாசலம் சிரிக்கவில்லை. மீசை இல்லாத தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் காலை ரயிலில் போன ரெண்டு பேரும் பொழுது சாயத் திரும்பினார்கள்.

“இன்னாய்யா பண்ணாங்க?” என்று புருஷனைக் கேட்டாள் எல்லம்மா. அவன் சொம்பைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டான். சின்னதுரைதான் பதில் சொன்னான்.

“சட்டையைக் கழட்டிட்டு, பலகைல நெஞ்சை ஒட்டி, மூச்சைப் புடிச்சிக்கினு நில்லுன்னாங்க. அவ்ளோதான். முடிவைத் துளசிராமண்ணன் சைக்கிள்ல வந்து சொல்லுவாராம். மாமா பாஸுதான்க்கா. நீ பொட்டியைக் கட்டு.”

முடிவு தெரிந்துகொண்டு போகிறேன் என்று அவனும் அங்கேயே தங்கிவிட்டான். எல்லம்மா பெட்டியைக் கட்டுவாள், எதையோ மறந்துவிட்டதாக மறுபடி பிரிப்பாள். தணிகாசலம் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தான். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் மூன்று தலையும் வாசலுக்குத் திரும்பும்.

ஒருநாள் காலையில் துளசிராமன் வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னான்.

“தணிகாசலம் பேரை அடிச்சிட்டாங்கம்மா. நெஞ்சுல டீபியாம். ஒரு பக்கம் நல்லா அரிச்சிக்கினு இருக்குதாம். குவைத்தை மறந்துட்டு மொதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வழியைப் பாருங்க.”

அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எல்லம்மா தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“அந்தப் பட்டறைப் புகையில நிக்காதே நிக்காதேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்யா! ராவெல்லாம் இருமினியே, பாவி நான் கஷாயத்தைக் குடுத்துட்டுத் தூங்கிட்டேனே! குவைத்தும் வாணாம், ஒண்ணும் வாணாம். நீ உசுரோட கெடந்தா போதும்யா!”

தணிகாசலம் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலாக, கதவோரம் நின்ற சின்னதுரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

சின்னதுரை வந்து அக்காவின் கையைச் சட்டையிலிருந்து மெல்ல விடுவித்தான்.

“மாமாவை வுடுக்கா. அந்த நெஞ்சுப் படம் என்னுது.”